விண்டோஸ் 11-இல் ஓடிய டெஸ்ட், ரிப்போர்ட்டில் ஏன் விண்டோஸ் 10?
வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் (தளத்தை ஆளுக்குப் பதில் புரோகிராமே சோதிப்பது) பற்றியவைதான் அதிகம். அதிலும், டெஸ்ட் எந்த பிரவுசரில், எந்த ஓஎஸ்ஸில் (ஆபரேட்டிங் சிஸ்டம்), எந்த வெர்ஷனில் ஓடியது என்று சரியாகத் தெரிந்துகொள்வது எப்படி என்பதைத்தான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: செலினியத்தில் (கோடு மூலம் பிரவுசரை இயக்கும் கருவி) ஜாவா வைத்து டெஸ்ட் எழுதுகிறோம். பக்கத்தில் இருந்து நேவிகேட்டர்.யூசர்ஏஜென்ட் (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி) எடுத்து, அதைப் பிரித்து, ரிப்போர்ட்டின் மேலே பிரவுசர், ஓஎஸ் விவரம் போடுகிறோம். மெஷின் விண்டோஸ் 11, ரிப்போர்ட்டில் விண்டோஸ் 10 என்று வருகிறது. குரோம் வெர்ஷனிலும் முதல் எண்ணுக்கு அப்புறம் எல்லாம் பூஜ்யம். கோடில் எங்கே தப்பு? (சென்னை வாசகர்)

பதில்: கோடில் தப்பு இல்லை. நீங்கள் தேடும் விவரம் அந்த வரியிலேயே கிடையாது. குரோம் அனுப்பும் யூசர் ஏஜென்ட்டை ஒருமுறை முழுசாகப் படித்துப் பாருங்கள்: மொசில்லா 5.0 என்று ஆரம்பிக்கும், அப்புறம் விண்டோஸ் என்டி 10.0, அப்புறம் ஆப்பிள்வெப்கிட் 537.36, கேஎச்டிஎம்எல், "லைக் கெக்கோ", அதற்குப் பிறகுதான் குரோம், கடைசியில் சஃபாரி 537.36. குரோமுக்கு நேரடியாகச் சம்பந்தமே இல்லாத இத்தனை பெயர்கள் அதற்குள் ஏன் என்று கேட்டால், கதை 1990-களுக்குப் போகிறது. மொசில்லா என்று சொல்லிக்கொண்டது நெட்ஸ்கேப் பிரவுசர். அந்தப் பெயர் இருந்தால் மட்டும் நல்ல பக்கத்தை அனுப்பு என்று பல சர்வர்களில் எழுதி வைத்திருந்தார்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதே பெயரைப் போட்டுக்கொண்டது, பின்னால் வந்த ஒவ்வொரு பிரவுசரும் முந்தைய பிரவுசரின் பெயரைச் சேர்த்துக்கொண்டே போனது. ஆக, சர்வர் தன்னைத் தடுத்துவிடக் கூடாது என்று பிரவுசர் சொல்லும் வரி அது, அடையாள அட்டை அல்ல.

அதற்கு மேல், அந்த வரியை வைத்து ஆட்களைப் பின்தொடர முடிகிறது என்பதால் கூகுள் அதைப் படிப்படியாகச் சுருக்கிவிட்டது. 2022-இல் குரோம் 101 வந்தபோது முதல் எண்ணைத் தவிர மற்றவை 0.0.0 ஆயின. அதே வருடம் 107-இல் டெஸ்க்டாப் ஓஎஸ் விவரம் உறைந்தது, 2023-இல் 110 வந்ததும் ஆண்ட்ராய்டிலும் அதே கதை: எந்த போனாக இருந்தாலும் "ஆண்ட்ராய்டு 10" என்றும், மாடல் பெயர் இருந்த இடத்தில் வெறும் "கே" என்றும்தான் வரும். மேக்கில் 10_15_7 என்று நிற்கிறது. எம் வரிசை சிப் போட்ட புது மேக்கில்கூட "இன்டெல் மேக்" என்றுதான் எழுதியிருக்கும். விண்டோஸைப் பொறுத்தவரை இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 11-இன் உள் என்டி எண்ணே 10.0தான். அந்த வரியை எவ்வளவு திறமையாகப் பிரித்தாலும் 10-ஐயும் 11-ஐயும் பிரிக்க முடியாது. ரிப்போர்ட்டுக்காக யூசர் ஏஜென்ட் பிரிக்கும் கோடை இன்றே எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். தப்பான தகவல் போடுவதற்கு அந்த இடத்தை வெறுமையாக விடுவது மேல். பக் ரிப்போர்ட்டைப் படிக்கும் டெவலப்பர் அதை நம்பி விண்டோஸ் 10 மெஷினைத் தேடி உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: எங்கள் டெஸ்ட் கோடு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது, பிரவுசர்கள் கிரிட் (டெஸ்ட்டை வேறு மெஷின்களுக்கு அனுப்பும் செலினியம் சர்வர்) வழியாக வேறு விண்டோஸ் மெஷின்களில் திறக்கின்றன. ஜாவாவில் ஓஎஸ்.நேம் என்று கேட்டால் லினக்ஸ் என்று வருகிறது. சரியான தகவலை யாரிடம் கேட்பது? (மதுரை வாசகர்)

பதில்: ஓஎஸ்.நேம் உங்கள் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது, ஆனால் அது தான் ஓடும் மெஷினைப் பற்றிச் சொல்கிறது. கிரிட் வைத்திருக்கும்போது கோடு ஓடும் இடம் ஒன்று, பிரவுசர் ஓடும் இடம் வேறு. நீங்கள் கேட்க வேண்டியது டிரைவரிடம், அதாவது டெஸ்ட்டின் கட்டளைகளை பிரவுசருக்குக் கொண்டுபோகும் புரோகிராமிடம்.

செஷன் (ஒரு பிரவுசரைத் திறந்து மூடும்வரையான ஓட்டம்) திறக்கும்போது டிரைவர் ஒரு பதில் அனுப்பும். ரிமோட்வெப்டிரைவரில் கெட்கேப்பபிலிட்டீஸ் என்று கூப்பிட்டால் அந்தப் பதில் கையில் வரும். அதில் பிரவுசர்நேம், பிரவுசர்வெர்ஷன், பிளாட்ஃபார்ம்நேம் மூன்றும் இருக்கும். இந்த பிரவுசர்வெர்ஷன்தான் உண்மையான வெர்ஷன், குரோம் என்றால் நான்கு பகுதியும் முழுசாக வரும், பூஜ்யம் போட்டு மறைத்திருக்காது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் அனுப்பும் ஆப்ஷன்ஸிலும் பிரவுசர்வெர்ஷன் என்று ஒன்று இருக்கும். அது நீங்கள் கேட்டது, டிரைவர் திருப்பி அனுப்புவதுதான் கிடைத்தது. "ஸ்டேபிள்" என்று கேட்டால் பதிலில் எண்ணாக வரும். பல குழுக்களின் ரிப்போர்ட்டில் கேட்டதை அச்சடித்துவிட்டு, கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் ரிப்போர்ட் எந்த ஆப்ஜெக்ட்டில் இருந்து எடுக்கிறது என்று ஒரு நிமிடம் திறந்து பாருங்கள்.

பழைய கோடு என்றால் "வெர்ஷன்", "பிளாட்ஃபார்ம்" என்ற பழைய பெயர்களில் கேட்டுக்கொண்டிருக்கும். 2018-இல் வெப்டிரைவர் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரமாக ஆனபோது பெயர்கள் மாறின, 2021-இல் வந்த செலினியம் 4 புதிய முறையை மட்டும்தான் பேசுகிறது. வெற்றாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

இனி ஓஎஸ் வெர்ஷன். இதில்தான் சிக்கல். பொதுத் தரத்தில் பிளாட்ஃபார்ம்நேம் மட்டும்தான் உண்டு, "விண்டோஸ்" என்று வரும், அவ்வளவுதான், 10-ஆ 11-ஆ என்று சொல்லாது. சஃபாரி தன் பெயரை முன்னால் போட்டு பிளாட்ஃபார்ம்வெர்ஷன் என்று ஒன்றைத் தருகிறது. ஃபயர்ஃபாக்ஸும் மோஸ் என்ற முன்னொட்டோடு தருகிறது, ஆனால் விண்டோஸில் அது என்டி எண் என்பதால் பழைய 10.0 குழப்பம்தான். ஆகவே விண்டோஸுக்கு நம்பகமான வழி, பிரவுசர் ஓடும் அந்த மெஷினிலேயே பில்ட் எண்ணை (விண்டோஸின் உள் வெளியீட்டு எண்) கேட்பது. 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால் விண்டோஸ் 11. மெஷினில் கிரிட் நோடு (அங்கே பிரவுசரைத் திறக்கும் கிரிட்டின் பகுதி) எழும்போதே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பில்ட் எண்ணை எடுத்து எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில் எழுதி வைக்கட்டும், ரிப்போர்ட் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த மெஷினில் பழைய ஜாவா இருந்தால் அதன் ஓஎஸ்.நேமை நம்பாதீர்கள். விண்டோஸ் 11 வந்த 2021-க்கு முந்தைய ஜாவா அதையும் விண்டோஸ் 10 என்றே சொல்லும்.

கேள்வி: நோடு மெஷினில் ஸ்கிரிப்ட் போட எங்களுக்கு அனுமதி இல்லை, வாடகைக்கு எடுத்த கிளவுட் சேவை. பக்கத்துக்குள் இருந்தே விண்டோஸ் 11 என்று கண்டுபிடிக்க வழியே இல்லையா? (பெங்களூரு வாசகர்)

பதில்: குரோம், எட்ஜ் போன்ற குரோமியம் (கூகுளின் திறந்த மூலக் கோடு) பிரவுசர்களில் இருக்கிறது. நேவிகேட்டர்.யூசர்ஏஜென்ட்டேட்டா என்று ஓர் ஆப்ஜெக்ட் உண்டு, அதில் கெட்ஹைஎன்ட்ரோபிவேல்யூஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு பிளாட்ஃபார்ம்வெர்ஷன், ஃபுல்வெர்ஷன்லிஸ்ட் இரண்டையும் கேளுங்கள். வரும் பிளாட்ஃபார்ம்வெர்ஷனில் முதல் எண் 13 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11, 1 முதல் 10 வரை என்றால் விண்டோஸ் 10, பூஜ்யம் என்றால் அதற்கும் பழையது. 13 என்பது 13-ஆவது விண்டோஸ் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மைக்ரோசாஃப்ட் உள்ளுக்குள் வைத்திருக்கும் வேறு ஒரு வரிசை எண்.

மூன்று இடத்தில் கால் இடறும். அந்த ஃபங்ஷன் உடனே பதில் தராது, ப்ராமிஸ் (பதில் பிறகு வரும் என்ற வாக்கு) தரும், எக்ஸிக்யூட்அசிங்க்ஸ்கிரிப்ட் வைத்துக் காத்திருந்து வாங்குங்கள். எச்டிடிபிஎஸ் பக்கம் அல்லது லோக்கல்ஹோஸ்ட் திறந்திருந்தால்தான் அந்த ஆப்ஜெக்ட் இருக்கும், சாதாரண எச்டிடிபி முகவரியில் "அன்டிஃபைன்ட்" என்று வரும், டெஸ்ட் சர்வர்கள் பலவும் அப்படித்தான் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அப்புறம், ஃபுல்வெர்ஷன்லிஸ்ட்டில் வரும் பிரவுசர் பெயர்ப் பட்டியலில் "நாட் ஏ பிராண்ட்" மாதிரி அர்த்தமில்லாத ஒரு பெயரும் இருக்கும். அதை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்கள், பட்டியலின் முதல் பெயரை மட்டும் எடுத்து யாரும் கோடு எழுதிவிடக் கூடாது என்பதற்காக. வரிசையும் மாறும். பெயரைத் தேடி எடுங்கள், இடத்தை வைத்து எடுக்காதீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் இது கிடையாது. அங்கே கிளவுட் சேவையின் செஷன் விவரத்தில் என்ன தருகிறார்களோ அதுதான்.

கேள்வி: ப்ளேரைட் (செலினியம் போன்ற இன்னொரு கருவி) டெஸ்ட்டை டாக்கரில் (புரோகிராமை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) லினக்ஸில் ஓட்டுகிறோம். யூசர் ஏஜென்ட் விண்டோஸ் என்கிறது! யார் மாற்றியது? (கோவை வாசகர்)

பதில்: உங்கள் கான்ஃபிக் ஃபைல் மாற்றியது. அதில் "டெஸ்க்டாப் குரோம்" என்ற டிவைஸைப் போட்டிருப்பீர்கள், புது புராஜெக்ட் தொடங்கினால் அதுவே எழுதிக்கொடுக்கும் வரி அது. அந்த டிவைஸ் விவரத்துக்குள் திரை அளவோடு விண்டோஸ் யூசர் ஏஜென்ட் வரியும் சேர்ந்தே வருகிறது. மெஷின் லினக்ஸ், வேஷம் விண்டோஸ். உண்மையான பிரவுசர் வெர்ஷன் வேண்டுமானால் பிரவுசர்.வெர்ஷன் என்று கூப்பிடுங்கள். ஓஎஸ்ஸின் பெயருக்கு நோட்.ஜேஎஸ்-இன் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) ஓஎஸ் மாட்யூல் போதும், பிரவுசரும் டெஸ்ட்டும் ஒரே கன்டெய்னரில் இருக்கிறது என்றால்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ப்ளேரைட் தன்னோடு கொண்டுவருவது நம் வாடிக்கையாளர் மெஷினில் இருக்கும் குரோம் அல்ல: 2025 வரை குரோமியம், அந்த வருடம் வந்த 1.57 முதல் டெஸ்டிங்குக்கு என்றே உள்ள தனி குரோம். உண்மையான குரோமில்தான் ஓட வேண்டும் என்றால் சேனல் என்ற இடத்தில் "குரோம்" என்று எழுத வேண்டும். அதேபோல, லினக்ஸில் ஓடும் அதன் வெப்கிட்டை (சஃபாரியின் எஞ்சின்) ரிப்போர்ட்டில் "சஃபாரி" என்று எழுதுவதை நான் ஏற்கவே மாட்டேன். எஞ்சின் ஒன்றுதான், ஆனால் ஃபான்ட், வீடியோ, ஸ்க்ரோல் என்று ஓஎஸ்ஸைச் சார்ந்த எதுவும் மேக்கில் இருக்கும் சஃபாரி மாதிரி இருக்காது. "ப்ளேரைட் வெப்கிட், லினக்ஸ்" என்று எழுதுங்கள், படிப்பவருக்கு விஷயம் புரியும்.

கேள்வி: கன்டெய்னருக்குள் யுநேம் கட்டளை கொடுத்தால் வரும் வெர்ஷன், நாங்கள் டாக்கர் ஃபைலில் போட்ட உபுண்டுவோடு பொருந்தவில்லை. (கொழும்பு வாசகர்)

பதில்: யுநேம் சொல்வது கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வெர்ஷன். கன்டெய்னருக்குத் தனிக் கெர்னல் கிடையாது, கீழே இருக்கும் மெஷினின் கெர்னலைத்தான் அது பயன்படுத்துகிறது. உபுண்டுவா, டெபியனா, எந்த வெர்ஷன் என்பதற்கு ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைப் படியுங்கள். ரிப்போர்ட்டில் இரண்டையும் போடுவது நல்லது.

கேள்வி: எங்கள் தளம் தமிழில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் ஒப்பிடும் டெஸ்ட் லேப்டாப்பில் பாஸ், சர்வரில் ஃபெயில். சில நேரம் தமிழ் எழுத்தே வராமல் கட்டம் கட்டமாக வருகிறது. பிரவுசர் வெர்ஷன் இரண்டிலும் ஒன்றுதான். (திருச்சி வாசகர்)

பதில்: பிரவுசர் வெர்ஷன் ஒன்றாக இருந்தும் முடிவு வேறாக வருகிறது பாருங்கள், ஓஎஸ் வெர்ஷனையும் ஏன் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தமிழ் எழுத்தை வரைவது பிரவுசர் எஞ்சின், ஆனால் பக்கத்தில் ஃபான்ட் குறிப்பிடாவிட்டால் எழுத்துரு வருவது ஓஎஸ்ஸில் இருந்து. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் லதா, விண்டோஸ் 8-இல் இருந்து நிர்மலா யுஐ, மேக்கில் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். டாக்கரில் நாம் எடுக்கும் மெலிந்த லினக்ஸ் இமேஜ்களில் பெரும்பாலும் தமிழ் ஃபான்ட்டே இருக்காது, அதனால்தான் கட்டங்கள். நோட்டோ அல்லது லோஹித் ஃபான்ட் பேக்கேஜை டாக்கர் ஃபைலிலேயே நிறுவிவிடுங்கள், கட்டம் போய்விடும்.

ஆனால் கட்டம் போனாலும் டெஸ்ட் பாஸ் ஆகாது. இந்த எழுத்துருக்களின் அகலமும் வரி உயரமும் ஒன்றல்ல. "கணக்கில் நுழைக" என்று ஒரு பட்டன் இருக்கிறது என்று வையுங்கள், ஒரு ஃபான்ட்டில் ஒரே வரியில் அடங்கும், இன்னொன்றில் "நுழைக" மட்டும் கீழே இறங்கும், அதற்குக் கீழே உள்ள எல்லாமே சில பிக்சல் தள்ளிப்போகும், டெஸ்ட் பக்கம் முழுவதையும் சிவப்பாகக் காட்டும். நல்ல தீர்வு, தளமே தன் தமிழ் வெப்ஃபான்ட்டைக் கொண்டுவருவதும், டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி வரும்வரை காத்திருந்து படம் எடுப்பதும். வாசகருக்கும் எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரியும்.

ப்ளேரைட் ஒப்பீட்டுப் படங்களின் பெயரில் பிரவுசரையும் லினக்ஸ், டார்வின் (மேக்), வின்32 (விண்டோஸ்) என்று பிளாட்ஃபார்மையும் தானே சேர்த்துவிடும், ஆனால் ஓஎஸ் வெர்ஷனைச் சேர்க்காது. உபுண்டு 22.04-இல் எடுத்த படத்தை 24.04-இல் எடுத்ததோடு அதே பெயரில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். சிஐ-இல் (கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்டைத் தானே ஓட்டும் சர்வர்) "உபுண்டு-லேட்டஸ்ட்" என்று எழுதியிருந்தால் அந்த மாற்றம் உங்களைக் கேட்காமலே நடக்கும். எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கேள்வி: ஐபேடில் ஓட்டினால் மேக் என்று வருகிறது. (சேலம் வாசகர்)

பதில்: 2019-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13-இல் இருந்து ஐபேட் சஃபாரி டெஸ்க்டாப் தளத்தைக் கேட்பதற்காக மேக் என்றே சொல்லிக்கொள்கிறது. நேவிகேட்டர்.மேக்ஸ்டச்பாயின்ட்ஸ் பாருங்கள், மேக்கில் பூஜ்யம், ஐபேடில் 5. ஐபோனிலும் சஃபாரி 26 வந்த பிறகு யூசர் ஏஜென்ட்டில் ஐஓஎஸ் எண் 18-இலேயே உறைந்துவிட்டது, சஃபாரியின் எண் மட்டும் நகர்கிறது. ஆப்பியம் (போன், டேப்லெட்டில் டெஸ்ட் ஓட்டும் கருவி) வைத்து ஓட்டுகிறவர்கள் கேப்பபிலிட்டியில் வரும் பிளாட்ஃபார்ம்வெர்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேற்று வரை ஓடிய டெஸ்ட் எல்லாம் இன்று காலை "செஷன் நாட் கிரியேட்டட்" என்று விழுகிறது. கோடில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அந்தப் பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள், இந்த குரோம்டிரைவர் குறிப்பிட்ட குரோம் வெர்ஷனுக்கு மட்டும்தான் என்று எழுதியிருக்கும். குரோம் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது, டிரைவர் பழையதாகவே இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒரு முறை புது வெர்ஷன் வருவதால் இது அடிக்கடி நடக்கும். செலினியம் 4.6-இல் இருந்து செலினியம் மேனேஜர் கூடவே வருகிறது, இருக்கும் குரோமைப் பார்த்து அதற்கேற்ற டிரைவரைத் தானே இறக்கிக்கொள்ளும். உங்கள் கோடில் டிரைவர் இருக்கும் இடத்தைக் கையால் எழுதி வைத்திருந்தால் அதை நீக்கிவிட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: 2023-இல் கூகுள் வெளியிட்ட "குரோம் ஃபார் டெஸ்டிங்" தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஒரு வெர்ஷனை முடிவு செய்து அதையும் அதே எண்ணுள்ள டிரைவரையும் வைத்துக்கொண்டால், எப்போது மாறுவது என்பது உங்கள் கையில் இருக்கும். வாடிக்கையாளர்களிடம் இருக்கும் புதிய குரோமுக்கு மட்டும் தினமும் தனியாக ஒரு சின்ன ஓட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெர்ஷன் தெரிந்த பிறகு, "99-க்கு மேல் என்றால் இதைச் செய்" என்று டெஸ்ட்டில் எழுதலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அந்த வசதியையே பக்கத்தில் கேளுங்கள், வெர்ஷனை வைத்து ஊகிக்க வேண்டாம். குறிப்பிட்ட வெர்ஷனில் மட்டும் இருக்கும் பிரவுசர் பக்கைத் தாண்டிப் போக வேண்டும் என்றால் எழுதலாம், ஆனால் எந்த பக், எப்போது நீக்கலாம் என்று அந்த வரிக்கு அருகிலேயே எழுதி வையுங்கள். எழுதும்போது எண்ணாக மாற்றி ஒப்பிடுங்கள். எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் "100" என்பது "99"-ஐவிடச் சின்னது. 2009-இல் ஓபரா 10 வந்தபோது பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை ஓபரா 1 என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஓபரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் கடைசியில் தனியாகப் போட்டது. 2022-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொட்டபோது, மூன்று இலக்கம் வந்தால் எந்தத் தளம் உடையும் என்று இரண்டு தரப்பும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தன.

கேள்வி: சைப்ரஸில் (இன்னொரு டெஸ்ட் கருவி) இதெல்லாம் எப்படி? (புதுச்சேரி வாசகர்)

பதில்: அங்கே வேலை சுலபம். சைப்ரஸ்.பிரவுசர் என்ற ஆப்ஜெக்ட்டில் பெயர், முழு வெர்ஷன், முதல் எண், ஹெட்லெஸ்ஸா (திரையில் காட்டாமல் ஓடுகிறதா) இல்லையா எல்லாம் இருக்கும். சைப்ரஸ்.பிளாட்ஃபார்ம் லினக்ஸ், டார்வின், வின்32 என்று சொல்லும். ஓஎஸ் வெர்ஷன் அதில் இல்லை, அதற்கு கான்ஃபிக் ஃபைலில் ஒரு டாஸ்க் எழுதி, நோட்.ஜேஎஸ்-இன் ஓஎஸ் மாட்யூலில் ரிலீஸ் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் 10.0.22631 மாதிரி ஓர் எண் வரும், கடைசிப் பகுதி 22000-க்குக் குறைவில்லை என்றால் விண்டோஸ் 11.